‘ஜிப்சி’ என்று அழைக்கலாமா?

ஜோடிகள் வரிசையாக நின்று ஆடும் கான்ட்ரா நடனத்தில், அடுத்த அசைவைச் சொல்லிக்கொடுக்கும் அழைப்பாளராகப் பழகுகிறீர்கள். இருவர் ஒருவரையொருவர் சுற்றிவரும் அசைவுக்கான ‘ஜிப்சி’ என்ற அழைப்பை விடச் சொல்லி ஒருவர் கேட்க, மூத்தவர்கள் மறுக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். விட்டுவிடுங்கள். ‘ஜிப்சி’ என்று பிறர் அழைத்துவந்த ரோமா இன மக்களில் பலருக்கு அது வசைச்சொல். அமெரிக்காவில் பல குழுக்கள் ‘ரைட் ஷோல்டர் ரவுண்ட்’ என்றே இப்போது அழைக்கின்றன. எந்தத் தோளை உள்பக்கம் வைத்துச் சுற்றுவது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. புதிதாக வருபவர் தடுமாற மாட்டார். சொல் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். அதனால் வழக்கத்தைவிடச் சற்று முன்னதாகவே அழைக்கத் தொடங்குங்கள். இசையில்லாமல் நடந்து பார்க்கும்போது, கை தொடாமல் கண்ணைப் பார்த்தபடி சுற்றுவதைச் செய்து காட்டுங்கள். கூச்சப்படுபவர் தோளைப் பார்த்தாலும் போதும் என்று மறக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், ஆண், பெண் என்று பிரிக்காமல் ஜோடியில் இடப்பக்கம் நிற்பவர் ‘லார்க்’, வலப்பக்கம் நிற்பவர் ‘ராபின்’ என்று பறவைப் பெயர்களால் அழைத்துப் பாருங்கள். லெஃப்ட், ரைட் என்பவற்றின் முதலெழுத்தே வருவதால் சீக்கிரம் பழகிவிடும்.