மிச்சம் எவ்வளவு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள மேடம்,

நான் வியாசர்பாடிக்காரன். எட்டு வருடமாக ஐடி வேலை. தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டே இத்தனை காலம் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் மென்பொருள் விற்ற கதையை நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். நானும் இரண்டு நண்பர்களும் அதே மாதிரி ஒரு மென்பொருள் செய்திருக்கிறோம். வேலை எத்தனை சதவீதம் முடிந்தது என்று சூபர்வைசர் போனில் போட்டால் போதும். தாமதமானால் சிவப்பாகி, உடனே எம்.டி.க்கு மெசேஜ் போய்விடும். எங்கள் சந்தேகங்கள்: ஆளுக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா வாங்குவதா, மொத்தமாக விற்பதா? ஏஐ வந்தபின் இந்தத் தொழில் நிற்குமா? ஆபீஸை ஐடி கம்பெனிகள் இருக்கிற ஓ.எம்.ஆர். பக்கம் மாற்றினால்தான் மதிப்பார்கள் என்கிறான் நண்பன், சரிதானா? அம்மா வேறு வேலையை விடாதே என்கிறார்.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

முதலில் அம்மா பேச்சைக் கேளுங்கள். மாதாமாதம் ஒழுங்காகக் காசு கொடுக்கிற வாடிக்கையாளர்கள் சேரும்வரை சம்பளத்தை விடவே கூடாது. ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் இப்போதைக்குப் போதும். இளம் வயது, உடம்பு தாங்கும்.

ஓ.எம்.ஆர். பேச்சை இத்தோடு விடுங்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் நம் வடசென்னை ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. உங்கள் மென்பொருள் யாருக்குத் தேவையோ அவர்கள் மணலியில், எண்ணூரில், திருவொற்றியூர்ப் பட்டறைகளில் இருக்கிறார்கள். சிறுசேரியில் கண்ணாடிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்துவிட்டு, பாதி நாளை ரோட்டில் கழிக்கப் போகிறீர்களா? எங்கள் ஆபீஸ் டி.எச். ரோட்டில் ஒரு இரும்புக் கடைக்கு மேல் மாடியில்தான் இருந்தது. முகவரியைப் பார்த்து யாரும் திரும்பிப் போகவில்லை. சொந்த ஊரைச் சொல்லக் கூச்சப்படுகிற அந்த நண்பரை உட்காரவைத்து ஒருநாள் பேசுங்கள்.

நான் இந்தப் பதிலை எழுதுவதற்குக் காரணம் வேறு. 'எத்தனை சதவீதம் முடிந்தது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி. ரொம்ப நாளாக மனசில் ஓடிக்கொண்டிருக்கிற விஷயம் அது.

மணலியில் ஒரு ஆலையில் ஷட்டவுன் வேலை. சில வருடங்களுக்கு ஒருமுறை ஆலையை மொத்தமாக நிறுத்தி, எல்லாவற்றையும் திறந்து, சுத்தம் செய்து, சோதித்து மூடுவார்கள். நாள் கணக்கு அங்கே செல்லாது, எல்லாம் மணிக்கணக்குதான். நின்ற ஒவ்வொரு மணிக்கும் நஷ்டம். ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர், அதாவது ஒரு திரவத்தின் சூட்டை இன்னொன்றுக்கு மாற்றுகிற கருவி. உள்ளே இருக்கிற குழாய்க் கட்டை கிரேன் வைத்து வெளியே இழுத்து, ஜெட் தண்ணீர் அடித்துக் கழுவி, திரும்ப உள்ளே தள்ளி போல்ட் போட்டிருந்தார்கள். அன்றைய அறிக்கையில் 90 சதவீதம் என்று இருந்தது. ராத்திரி ஷிப்டில் போய்ப் பார்த்தேன். ஃபோர்மேன் திருவொற்றியூர்க்காரர். எக்ஸ்சேஞ்சரின் வெளி ஓட்டிலேயே சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்: 'கேஸ்கெட் ஒன்னு வரல. ஹைட்ரோ ஒரு ஷிப்ட். லீக் ஆனா மறுபடி.' கேஸ்கெட் என்றால் இணைப்பு கசியாமல் இருக்க நடுவில் வைக்கிற வளையம், ஹைட்ரோ என்றால் தண்ணீர் அழுத்தச் சோதனை.

இதை அல்லவா அறிக்கையில் எழுதியிருக்க வேண்டும் என்று கேட்டேன். "மிச்சம் எவ்ளோன்னு அதுல கட்டமே இல்லியேம்மா. எவ்ளோ முடிஞ்சுதுன்னுதான் கேக்குறாங்கோ. எம்பதுன்னு போட்டா மேலேர்ந்து போன் வரும். தொண்ணூறுன்னு போட்டா வேலை செய்ய உடுவாங்கோ" என்றார்.

போல்ட் போட்டாகிவிட்டது, பார்க்கிறவன் கண்ணுக்கு வேலை முடிந்த மாதிரிதான். ஆனால் தண்ணீர் ஏற்றி அழுத்தம் கொடுக்கும்போது ஒரு சொட்டு கசிந்தால் மறுபடி கழற்ற வேண்டும். 90-க்கு மேல் இருக்கிற அந்தப் பத்து, முதல் தொண்ணூறையும் விழுங்கிவிடும். அதைத் தெரிந்த ஒரே ஆள் சாக்பீஸோடு நின்றுகொண்டிருந்தார். அவரிடம்தான் யாரும் சரியான கேள்வியைக் கேட்கவில்லை.

1957-ல் அமெரிக்காவில் ட்யூபாண்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் எந்த வேலை தாமதமானால் மொத்தமும் தாமதமாகும் என்று கண்டுபிடிக்கிற கிரிட்டிகல் பாத் முறையை உருவாக்க ஆரம்பித்தார்கள். அதை ஆரம்பத்திலேயே சோதித்துப் பார்த்த இடங்களில் ஒன்று லூயிவில் ஊரில் இருந்த ஆலையின் பராமரிப்பு வேலை. நம் மணலி ஷட்டவுன் மாதிரியேதான். அந்தக் கணக்குக்கு அடிப்படையாக வேண்டியது இரண்டு விஷயம்: எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம். சதவீதம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் என்கிற திட்டமிடும் மென்பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 நாள் வேலையில் 5 நாள் ஓடிவிட்டது என்று போட்டால் 50 சதவீதம் என்று காட்டும். சுவர் எழும்பியதா என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்லத் தனியாக இன்னொரு கட்டம் வைத்திருக்கிறார்கள், யாரும் தொடுவதில்லை. எங்கள் மென்பொருளில் ஃபோர்மேன் பார்க்கிற திரையில் சதவீதமே கிடையாது. மிச்ச நேரம் எவ்வளவு, எதற்காகக் காத்திருக்கிறீர்கள், இந்த இரண்டுதான். வாங்குகிறவர்கள் சண்டை போட்டார்கள், போர்டு மீட்டிங்குக்கு வேலை எவ்வளவு முன்னேறியது என்று காட்டுகிற வளைகோடு வேண்டும் என்றார்கள். சரி, மிச்ச நேரத்திலிருந்து நாங்களே கணக்குப் போட்டு வளைகோடு கொடுத்தோம். ஃபோர்மேனைச் சதவீதம் கேட்க மட்டும் விடவில்லை.

இப்போது உங்கள் சிவப்புக்கு வருகிறேன். கோபமாகவே சொல்கிறேன். தாமதம் என்று உண்மையைப் போட்டவுடன் எம்.டி.க்கு மெசேஜ் போகும் என்றால், இனி உண்மையைப் போடாதே என்றுதான் அந்த சூபர்வைசருக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். அவர் யார்? உங்கள் தெருவில் குடியிருக்கிற ஃபிட்டர், வெல்டர், கலாசி. உங்கள் அப்பாவாகக்கூட இருக்கலாம். அவர் கேஸ்கெட் வரவில்லை என்று எழுதினால் முதலில் கேஸ்கெட் வாங்கித் தர வேண்டியவருக்குத்தான் அது போக வேண்டும். எம்.டி.க்கு நாளைக்குப் போனாலும் ஒன்றும் குடிமுழுகாது.

போனில் போட்டால் போதும் என்கிறீர்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குள் சாதாரண போனை விடவே மாட்டார்கள். எரிவாயு இருக்கிற இடம், பொறி வராத தனி வகைக் கருவிதான் உள்ளே போகும். இதுகூடத் தெரியாமல் மென்பொருள் செய்திருக்கிறீர்கள் என்றால், நீங்கள் யாரும் அங்கே போய் நிற்கவில்லை என்று அர்த்தம்.

சந்தா விஷயத்தில் ஒன்றே ஒன்று. ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கினால் கம்பெனி ஒரே ஒரு லாகின் வாங்கி பிளானிங் ஆபீசில் வைத்துவிடும். ஃபோர்மேனுக்குக் கிடைக்காது. வேலை நடக்கிற தளத்துக்கு இவ்வளவு என்று வாங்குங்கள், எத்தனை பேர் வேண்டுமானாலும் எழுதட்டும். மற்றதை ஆடிட்டரிடம் கேளுங்கள். ஏஐ பழைய அறிக்கைகளைப் படித்துத்தான் கற்றுக்கொள்ளும். எல்லாரும் 90 என்று எழுதி வைத்திருந்தால் அதுவும் 90 என்றுதான் சொல்லும்.

தெரிந்தவர் யாரையாவது பிடித்து கேட் பாஸ் வாங்கி, அடுத்த ஷட்டவுனில் ராத்திரி ஷிப்டுக்குப் போங்கள். மூன்று பேரும் போங்கள். அப்புறம் அந்தத் திரையைத் திருத்தி எனக்குப் படம் அனுப்புங்கள். மிச்ச நேரக் கட்டம் மேலே இருக்கட்டும். சனிக்கிழமை காலையில் நேரில் வந்தாலும் சரி, உட்கார்ந்து பார்ப்போம். அம்மாவையும் அழைத்து வாருங்கள்.