ஷாபிஈ இமாம் எதிர்த்தவரா, படித்தவரா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்தில், எங்கள் செம்பனைத் தோட்டத்துச் சூராவில் (சிறு தொழுகைக் கூடத்தில்), ஷாபிஈ வழியில் தொழுவிக்கும் மலாய் இமாம் சுபுஹு எனும் அதிகாலைத் தொழுகையில் குனூத் என்ற வேண்டுதலை ஓதுகிறார். தமிழ்நாட்டிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் என் மாமா அபூஹனீபா இமாமைப் பின்பற்றும் ஹனபி மத்ஹபை (சட்டவழியை)ச் சேர்ந்தவர். “ஷாபிஈ இமாம் எங்கள் அபூஹனீபா இமாமை எதிர்த்துக் கிளம்பியவர், அவர் வழியினருக்குப் பின்னால் நான் ஏன் நிற்க வேண்டும்?” என்று சொல்லி வீட்டிலேயே தொழுகிறார். மாமா சொல்வது சரியா?

பதில்: சரியில்லை. அபூஹனீபா இமாம் மறைந்த அதே ஹிஜ்ரி 150இல், அதாவது கி.பி. 767இல், காஸாவில் பிறந்தவர் ஷாபிஈ இமாம். தந்தையை இழந்த அந்தக் குழந்தையைத் தாயார் மக்காவுக்கு அழைத்துச் சென்றார். காகிதம் வாங்க வழியில்லாமல் எலும்புத் துண்டுகளிலும், அரசு அலுவலகங்கள் கழித்த தாள்களின் பின்பக்கத்திலும் பாடம் எழுதிய அந்தச் சிறுவர், பிறகு மதீனாவில் இமாம் மாலிக்கிடம் பயின்றார்.

உங்கள் மாமா அறிய வேண்டிய பகுதி இதற்குப் பின்னர்தான் வருகிறது. யமனில் அரசுப் பணியில் இருந்தபோது, ஆட்சிக்கு எதிரான கலகத்தில் தொடர்புடையவர் என்று குற்றம் சாட்டப்பட்டு, ஏறத்தாழ 803இல் அவர் கலீபா ஹாரூன் அல் ரஷீதின் முன் நிறுத்தப்பட்டார். உயிரே போகக்கூடிய அந்த வேளையில் அவருக்காகப் பரிந்து பேசியவர், அபூஹனீபா இமாமின் நேரடி மாணவரான முஹம்மது அல் ஷைபானி என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். விடுதலையானவர் அந்த ஷைபானியிடமே மாணவராக அமர்ந்தார். ஓர் ஒட்டகச் சுமை அளவு கல்வியை அவரிடமிருந்து பெற்றதாகப் பின்னாளில் சொன்னார். சட்டக் கல்வியில் மக்கள் அனைவரும் அபூஹனீபாவின் குடும்பத்தினர் போன்றவர்கள் என்று போற்றியவரும் இவரே.

கருத்து வேறுபாடு இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஷாபிஈ இமாமின் ‘அல் உம்மு’ என்ற சட்டத் தொகுப்பில் ஷைபானிக்கு மறுப்பு இருக்கிறது. தம் ஆசான் மாலிக்குக்கும் மறுப்பு இருக்கிறது. எகிப்துக்குச் சென்றபின் தம்முடைய முந்தைய தீர்ப்புகள் பலவற்றையே மாற்றி, சட்ட அடிப்படைகள் பற்றிய தம் நூலான ‘அர் ரிஸாலா’வையும் திருத்தி எழுதினார். ஆதாரம் வலுவாகத் தெரிந்த பக்கம் சென்ற இந்த மனிதரை, 820இல் எகிப்தில் மறையும்வரை கற்றுக்கொண்டும் கற்பித்துக்கொண்டும் இருந்தவரை, ஒரு கட்சிக்காரராகச் சுருக்குவது பெரிய அநீதி. அபூஹனீபா இமாமின் அடக்கத்தலத்தருகே தொழுதபோது, சுபுஹில் குனூத் ஓதாத அவருக்கு மரியாதையாக, ஷாபிஈ இமாமும் அதை விட்டுவிட்டார் என்றும் ஒரு செய்தி வழங்கி வருகிறது.

தமிழ் முஸ்லிம்களிலேயே காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் ஷாபிஈ வழியினர் மிகுதி. உள்நாட்டு ஊர்களில் ஹனபிகள் மிகுதி. இருசாராரும் ஒரே வரிசையில் நின்று தொழுது வந்தவர்கள்தாம். சூராவில் இமாம் இரண்டாம் ரக்அத்தில் (தொழுகைச் சுற்றில்) ருகூவிலிருந்து (குனிந்த நிலையிலிருந்து) எழுந்து கைகளை உயர்த்திக் குனூத் ஓதும்போது, ஹனபி வழியில் தொழும் மாமா கைகளைத் தொங்கவிட்டு மௌனமாக நிற்கலாம். அந்த முறையை வகுத்துத் தந்தவர்கள் அவர் போற்றும் ஹனபி அறிஞர்களே. நாளைய சுபுஹுக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள்.