யூனிட், கலோரி, மெகாஜூல், பி.டி.யூ.: இவற்றை எப்படி மாற்றிக் கணக்குப் போடுவது? வெந்நீருக்குக் கரண்ட் மலிவா, கேஸ் மலிவா?

இரண்டு எண்கள் போதும்: 860, 3.6. ஒரு யூனிட் மின்சாரம், அதாவது ஒரு கிலோவாட் மணி, 860 கிலோகலோரிக்குச் சமம், 3.6 மெகாஜூலுக்கும் சமம். வீட்டுக் கணக்கு எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். பி.டி.யூ. (பிரிட்டிஷ் வெப்ப அலகு) பெரும்பாலும் ஏசி வாங்குகிறவர்களின் கவலை (ஒரு யூனிட்டுக்கு 3,412). கோத்தகிரியில் இருக்கிற எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

இங்கே கரண்ட் பில் எகிறுவதே வெந்நீரால்தான். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோகலோரி வேண்டும். ஜனவரியில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீர் 12 டிகிரி என்று வையுங்கள். அதை 42-க்குக் கொண்டுபோக 30 டிகிரி ஏற்ற வேண்டும். 20 லிட்டர் வாளி என்றால் 20 × 30 = 600 கிலோகலோரி. 860-ஆல் வகுத்தால் 0.7 யூனிட். 1,500 வாட் ஹீட்டர் ராடு போட்டால் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். பிஸ்கட் பாக்கெட்டில் கலோரி என்று சொல்வதும் இந்தக் கிலோகலோரிதான். அதனால் பாக்கெட்டையும் பக்கெட்டையும் ஒரே கணக்கில் வைக்கலாம்!

கேஸுக்கு வருவோம். ஒரு கிலோ சமையல் வாயுவில் சுமார் 46 மெகாஜூல் இருக்கிறது. 3.6-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 12.8 யூனிட். 14.2 கிலோ சிலிண்டருக்கு 180 யூனிட்.

பலர் கோட்டை விடுவது இதற்கு அப்புறம்தான். அலகு மாற்றம் மாறாத கணக்கு. எவ்வளவு வீணாகிறது என்பது வேறு கணக்கு. இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும். தண்ணீருக்குள் முங்கியிருக்கும் ராடு தரும் சூடு ஏறக்குறைய முழுவதும் தண்ணீருக்கே போகிறது. கேஸ் அடுப்பில் மூன்றில் ஒரு பங்கு பாத்திரத்தைச் சுற்றி மேலே போய்விடும். ஆக, 180 யூனிட்டில் கைக்கு வருவது 120 சொச்சம்தான். விறகடுப்பு இன்னும் மோசம். நன்றாகக் காய்ந்த விறகில் கிலோவுக்கு நாலு யூனிட் இருந்தாலும், பெரும்பகுதி புகையோடு போய்விடும். மூடுபனியில் நனைந்த சீகை விறகாக இருந்தால் முதலில் அதற்குள் இருக்கும் ஈரத்தை ஆவியாக்கவே கொஞ்சம் சூடு செலவாகிவிடும். அதற்குள் கண் எரிந்துவிடும்.

தண்ணீர் விழுகிற உயரத்தையும் யூனிட்டாக மாற்றலாம். எடை (கிலோவில்) × 9.8 × உயரம் (மீட்டரில்) என்று பெருக்கினால் ஜூல் வரும். எங்கள் நீலகிரியில் 1932-இல் ஓடத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையத்துக்குத் தண்ணீர் 900 மீட்டருக்கு மேல் குழாயில் இறங்கி வருகிறது. 900 என்றே வைத்தாலும் ஆயிரம் லிட்டருக்கு 88 லட்சம் ஜூல். யூனிட்டில் சொன்னால் சுமார் 2.4. டர்பைனில் போகிற நஷ்டத்தையும் கழித்தால் மிஞ்சுவது மூன்று வாளி வெந்நீருக்குத்தான் ஆகும். இந்தக் கணக்கைப் போட்டதிலிருந்து கீசரை அணைக்காமல் போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, உங்கள் கேள்விக்கு: அடுப்பில் காய்ச்சுவதானால் சிலிண்டர் விலையை 120-ஆல் வகுங்கள். வருகிற தொகையை, உங்கள் மின் பில்லில் கடைசியாக எந்த ஸ்லாபில் நிற்கிறீர்களோ அந்த ஸ்லாபின் யூனிட் விலையோடு ஒப்பிடுங்கள். சராசரி விலையை எடுக்காதீர்கள். கூடுதலாக எரிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் அந்தக் கடைசி விலையில்தான் ஏறும்.