பொண்ணு படிப்புக் காசுல சீட்டுக் கட்டாதீங்க தம்பி

கேள்வி: அக்கா வணக்கமுங்க. பல்லடம் பக்கம் நம்மூரு. எட்டுத் தறி வெச்சுக் கூலிக்கு ஓட்டிட்டு இருக்கறோம். பொண்ணு கவர்மெண்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல பி.காம் ரெண்டாம் வருசம், செகண்ட் ஷிஃப்ட்டுங்க. மத்தியானம் போனா பொழுது உழுந்துதான் ஊட்டுக்கு வர்றா. இந்த வருசம் இன்னும் நெறையப் பசங்களைச் சேத்துட்டாங்க, பெஞ்சு பத்தாம ஜன்னல் திட்டுல உக்காந்து எழுதுறாங்களாம். அக்கவுண்ட்ஸ் எடுத்துட்டு இருந்த மேடம் தீவாளிக்கு முன்னாடி நின்னுட்டாங்க, இன்னும் ஆள் போடல. கம்ப்யூட்டர் பாதி ஓடறதில்ல. கேட்டா ஃபண்டு இல்லீங்கறாங்க. மச்சான் பிரைவேட் காலேஜுக்கு மாத்துங்கறாரு, எங்கம்மா படிச்சது போதும் நல்ல எடமா பாருங்கறாங்க. செலவுன்னு பாத்தா பெருசா ஒண்ணுமில்லீங்க, மாசாமாசம் அவளுக்கு வர்ற ஆயிரத்தை அவ கல்யாணத்துக்குன்னு ஒரு சீட்டுல கட்டிட்டு வர்றேன், 14 மாசம் ஆச்சு. பாடமே நடக்காத காலேஜுக்கு எதுக்கு அனுப்போணும்னு தோணுது. நீங்கதான் சொல்லோணும்.
- பெயர் வேண்டாம், திருப்பூர் மாவட்டம்

பதில்:

தம்பி, காலேஜைப் பத்தி நீங்க எழுதுனது அத்தனையும் உண்மைதான், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஈரோட்டுல இருந்து, உடுமலையில இருந்து, சத்தியமங்கலத்துல இருந்து இதே மாதிரி கடுதாசி எனக்கு வந்துட்டேதான் இருக்குது. பெஞ்சு இல்ல, வாத்தியார் இல்ல, ஃபண்டு இல்ல. அதைப் பொறகு பேசலாம். மொதல்ல அந்த ஆயிரம் ரூபாயப் பேசோணும்.

செலவு ஒண்ணுமில்லீங்கன்னு சொல்ற எடத்துல போறபோக்குல ஒரு வரி எழுதி வெச்சிருக்கறீங்க பாருங்க, நான் கடுதாசியில அந்த வரியிலயே நின்னுட்டேன். அது உங்க காசா தம்பி? ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளிக்கூடத்துல படிச்சு, காலேஜுல சேந்து, ஆதார் குடுத்து, பேங்குல கணக்குத் தொறந்து, அவ பேருக்கு, அவ படிக்கறதுக்குன்னு வர்ற காசு அது. புதுமைப் பெண் திட்டம்னு 2022 செப்டம்பர் 5-ல ஆரம்பிச்சாங்க. அது எங்க இருந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? அதுக்கு முன்னாடி மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேர்ல கல்யாண உதவித் திட்டம்தான் இருந்துச்சு. பத்தாவது படிச்ச பொண்ணுன்னா 25,000, டிகிரி முடிச்சிருந்தா 50,000, கூடவே தாலிக்கு எட்டு கிராம் தங்கம். நம்ம பக்கத்துல எத்தனையோ ஊட்டுல அந்தத் தங்கத்துல தாலி பண்ணியிருக்காங்க, நான் கண்ணால பாத்திருக்கறேன். அந்தத் திட்டத்தத்தான் மாத்தி, கல்யாணத்துக்கு வேண்டாம், படிக்கறப்பவே மாசம் ஆயிரம் அவ கையில போகட்டும்னு வெச்சாங்க. இத்தனை வருசம் கழிச்சு தாலிக்குன்னு இருந்த காசு படிப்புக்குன்னு ஆச்சு, அதை நீங்க 14 மாசமா மறுபடியும் கல்யாணச் சீட்டுல கொண்டுபோய் போட்டுட்டு வர்றீங்க. போட்டுட்டு, பாடமே நடக்கலைன்னு எனக்கு எழுதறீங்க.

அவ கல்யாணத்துக்குத்தானே போடறேன், நானா திங்கறேன்னு கேப்பீங்க. நாலு பேர் இதையே கேட்டிருக்காங்க. கல்யாணம் பண்ணி வெக்கறது பெத்தவங்க கடமைன்னு நீங்க நம்பறீங்கன்னா அந்தக் கடமைய உங்க சம்பாத்தியத்துல செய்யுங்க, தறிக் கூலியில சீட்டுப் போடுங்க, அதை நான் குத்தம் சொல்ல மாட்டேன். அவளுக்கு வர்ற காசை எடுத்து அவளுக்கே செலவு பண்ணி, அதுக்குக் கடமைன்னு பேர் வெச்சா நான் ஒத்துக்க மாட்டேன். அந்த 14,000 அவகிட்ட இருந்திருந்தா அக்கவுண்ட்ஸ் மேடம் நின்ன அன்னைக்கே வெளிய ஒரு டியூஷனுக்குப் போயிருப்பா. கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதற டேலி கோர்ஸ் முடிச்சிருப்பா, டைப்ரைட்டிங் லோயர் எழுதிருப்பா. காஸ்ட் அக்கவுண்டண்ட் ஆகறதுக்கு எழுதற சிஎம்ஏ ஃபவுண்டேஷன் பரீட்சைக்கு புஸ்தகமாச்சும் வாங்கிருப்பா. காலேஜுல விட்டுப்போன பாடத்தை வெளிய பிடிச்சுக்கறதுக்கு அவளுக்கு ஒரு வழி இருந்துச்சு, அந்த வழிய அடைச்சது கவர்மெண்ட் இல்லீங்க தம்பி, நீங்கதான். ஃபண்டு இல்லைன்னு அவங்க சொல்றாங்க, வந்த ஃபண்டையும் நீங்க எடுத்துட்டீங்க, நடுவுல அந்தப் புள்ள ஜன்னல் திட்டுல உக்காந்து எழுதுறா.

இன்னொண்ணு. மச்சான் சொன்னதை எழுதிருக்கீங்க, அம்மா சொன்னதை எழுதிருக்கீங்க, புள்ள என்ன சொல்றா? ஊட்டுக்காரம்மா என்ன சொல்றாங்க? ஒரு வரி இல்ல.

சரி, இப்ப காலேஜுக்கு வர்றேன்.

கூட்டம் ஏன் கூடுச்சுன்னு கேட்டா, நல்ல காரணத்துல கூடுச்சு. அதை மொதல்ல மனசுல வாங்கிக்கோணும். 2021-22 கணக்குப்படி இந்தியா முழுக்க காலேஜ் வயசுல இருக்கறவங்கள்ல நூத்துக்கு 28 பேர்தான் உயர்படிப்புல சேர்றாங்க, தமிழ்நாட்டுல 47. பொண்ணுங்களுக்குப் புதுமைப் பெண் வந்துச்சு, பசங்களுக்கு 2024 ஆகஸ்டுல நம்ம கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரியிலதான் தமிழ்ப் புதல்வன் திட்டத்தை ஆரம்பிச்சாங்க. பொண்ணுங்களுக்கு டவுன் பஸ்ல டிக்கெட் இல்ல. டிகிரிக்கு டியூஷன் ஃபீஸ் இல்ல. பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போயிருக்க வேண்டிய பொண்ணு, தறிக்குப் போயிருக்க வேண்டிய பையன், எல்லாம் அப்ளிகேஷன் போடறாங்க. எடம் பத்தலைன்னா வருசா வருசம் 20 சதவீதம் வரைக்கும் கூடச் சேத்துக்கலாம்னு அனுமதி குடுக்கறாங்க, 60 பேர் இருக்கற கிளாஸ் 72 ஆகுது. வந்த புள்ளைய வாசல்லயே திருப்பி அனுப்பறதுக்கு இது எவ்வளவோ மேலு.

ஆனா புள்ளைங்களைச் சேத்துக்கற வேகத்துல வாத்தியாரை யாரு போட்டாங்க? இங்கதான் எனக்கு வயிறு எரியுது. ரெகுலர் போஸ்டிங் போடாம தமிழ்நாடு முழுக்க 7,000-க்கும் மேல கௌரவ விரிவுரையாளர்களை, அதாவது தற்காலிக வாத்தியாருங்களை வெச்சுத்தான் காலேஜை ஓட்டறாங்க. 2024 மார்ச்சுல 4,000 உதவிப் பேராசிரியர் எடுக்கறோம்னு ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) அறிவிச்சாங்க, அந்த ஆகஸ்டுல நடக்க வேண்டிய பரீட்சை தள்ளிப் போச்சு. உங்க பொண்ணுக்கு அக்கவுண்ட்ஸ் எடுத்த மேடம் "நின்னுட்டாங்க"ன்னு ஒரு சொல்லுல முடிச்சுட்டீங்க. காலேஜ் வாத்தியார் ஆகறதுக்கான தகுதித் தேர்வு நெட்டோ செட்டோ முடிச்சு, பலபேரு பிஎச்டியும் பண்ணிட்டு, 20,000 வாங்கிட்டு இருந்தாங்க, அதை ஏத்தி 25,000 ஆக்குனாங்க. அதுவும் வருசத்துக்கு 11 மாசம்தான், மே மாசம் ஒண்ணும் கெடையாது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019-லயே இந்த மாதிரி வேலைக்கு ஒரு வகுப்புக்கு 1,500, மாசத்துக்கு 50,000 வரைக்கும் குடுக்கலாம்னு சொல்லிருச்சு, அதுல பாதிதான் இங்க. அந்த அம்மாவுக்கும் ஒரு குடும்பம் இருக்குமில்ல, அவங்க புள்ளைக்கும் மே மாசம் சோறு வேணுமில்ல. போனவங்களை நான் குத்தம் சொல்லமாட்டேன், அந்தச் சம்பளத்துல இன்னும் இருக்கறவங்களை நெனச்சாத்தான் எனக்குக் கை எடுத்துக் கும்புடத் தோணுது.

ஃபண்டு இல்லைங்கற பதிலை நான் ஒருநாளும் ஏத்துக்க மாட்டேன். புள்ளைய வாங்கன்னு கூப்ட்டது கவர்மெண்ட், வந்தப்பறம் பெஞ்சு இல்லைன்னா எப்படி? கூப்ட்டு உக்கார வெச்சு எலை போட்டுட்டு சோறு இல்லைன்னு சொல்ற ஊட்டை நம்ம பக்கம் என்ன சொல்லுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். ஆனா இதைக் கேக்கறது யாரு? காலேஜுல படிக்கற புள்ளையா போயி கேக்கும்? கேட்டா இண்டர்னல் மார்க்குல கை வெப்பாங்களோன்னு பயப்படும். வாத்தியார் கேட்டா அடுத்த வருசம் வேலை இருக்குமோ இருக்காதோ. கேக்க வேண்டியவங்க பெத்தவங்க, அந்தப் பெத்தவங்க எங்க இருக்கறாங்க?

தம்பி, 2025 மார்ச்சுல கோயம்புத்தூர் திருப்பூர் ரெண்டு மாவட்டத்துலயும் கூலி உயர்வு கேட்டு தறிக்காரங்க ஒரு மாசத்துக்கு மேல தறிய நிறுத்துனாங்கல்ல, நீங்களும் அதுல இருந்திருப்பீங்க. சங்கம் கூடுச்சு, கலெக்டரைப் பாத்தாங்க, பட்டினி கெடந்தாங்க, கடைசியில உக்காந்து பேசிக் கூலிய ஏத்தி வாங்குனாங்க. அந்தத் தெம்பு உங்க ஊர்ல இருக்குது. மீட்டருக்கு எத்தனை பைசாங்கறதுக்கு அத்தனை பேர் சேர முடியும்னா, ஒரு கிளாஸ்ல 72 புள்ளைங்களுக்கு ஒரு அக்கவுண்ட்ஸ் வாத்தியார் வேணும்னு கேக்க 20 தகப்பனுங்க சேர முடியாதா? நான் ஒரு காலேஜ் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்குப் போனப்ப முன்வரிசையில ஏழெட்டு பேர், அதுலயும் முக்காவாசி அம்மாமாருங்க, வேலைய விட்டுட்டு வந்தவங்க. ஆம்பளைங்க வாசல்லயே வண்டிய நிறுத்தி புள்ளைய எறக்கிவிட்டுட்டுப் போயிட்டாங்க. கவர்மெண்ட் காலேஜ் டியூஷன் ஃபீஸ் வாங்கறதில்லைங்கறதால அது யாரோடதோன்னு நெனைக்கறோம். அது நம்ம வரியில ஓடறது, நம்ம தோட்டத்தைப் பாக்கற மாதிரி போயி பாக்கோணும்.

என்ன பண்றதுன்னு கேட்டீங்க. பிரின்ஸிபால்கிட்ட எழுத்துல குடுங்க, வாயில சொல்லாதீங்க. எந்த டிபார்ட்மெண்ட், எந்தப் பேப்பர், எந்தத் தேதியில இருந்து ஆள் இல்ல, கிளாஸ்ல எத்தனை பேர், எத்தனை பெஞ்சு, அவ்வளவுதான், திட்டு வேண்டாம். கூட பத்து இருபது பெத்தவங்க கையெழுத்து. ஒரு காப்பி கோயம்புத்தூர்ல கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர் ஆபீஸுக்கு. இன்னொண்ணு திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துல, அந்த ரசீதைத் தொலைச்சுராதீங்க. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடுங்க, இந்தக் காலேஜுக்கு அனுமதிச்ச போஸ்ட் எத்தனை, காலி எத்தனை, எப்ப இருந்து காலின்னு. 30 நாளுக்குள்ள பதில் சொல்லியாகோணும், அந்தக் கணக்கு கையில இருந்தா ஃபண்டு இல்லைன்னு அடுத்தவாட்டி அவ்வளவு சுலுவாச் சொல்ல மாட்டாங்க. கட்டடம், பெஞ்சு, கம்ப்யூட்டருக்கு எம்எல்ஏ தொகுதி நிதி இருக்குது, வருசத்துக்கு 3 கோடி, போயி கேளுங்க. உங்க பக்கம் பனியன் கம்பெனி வெச்சிருக்கறவங்கள்ல அந்தக் காலேஜுல படிச்சவங்க எத்தனையோ பேர் இருப்பாங்க, நோம்பிக்கு நன்கொடை கேக்கற மாதிரி பெஞ்சுக்கும் கேளுங்க. ஆனா வாத்தியார் சம்பளத்தை மட்டும் யாரும் நன்கொடையில குடுக்க விடாதீங்க, அது கவர்மெண்ட் குடுக்க வேண்டியது, அதை விட்டுக்குடுத்தா அப்பறம் திரும்ப வராது.

பிரைவேட் காலேஜுக்கு இப்ப மாத்த வேண்டாம். ரெண்டாம் வருசம் நடுவுல மாத்துனா பேப்பர் ஒத்துப்போகுமான்னு பாக்கோணும், ஃபீஸுக்கு நகைய வெக்கோணும், வெச்ச நகைய மீட்டறதுக்குள்ள அவ படிப்பு முடிஞ்சுரும். இன்னும் ஒண்ணரை வருசம், டியூஷனும் அவ தெம்பும் போதும். பொழுது உழுந்து வர்றான்னு கவலையா இருந்தா பஸ் ஸ்டாப்புக்கு நீங்க போயி நில்லுங்க. தறிய அந்த அரை மணி நேரம் ஊட்டுக்காரம்மா பாத்துக்குவாங்க, இல்லைன்னா நிக்கட்டும்.

உங்கம்மாவுக்கு என்ன சொல்றதுன்னா, மரியாதையாச் சொல்லுங்க, ஆனா தெளிவாச் சொல்லுங்க, டிகிரி கையில வாங்குற வரைக்கும் இந்தப் பேச்சு ஊட்டுல வேண்டாம்னு. ஒறம்பரை யாராச்சும் எடம் இருக்குதுன்னு வந்தா நீங்களே பதில் சொல்லுங்க, புள்ளைய முன்னாடி நிறுத்தாதீங்க. பெரியவங்க வருத்தப்படுவாங்க. படட்டும், ரெண்டு நாள்ல சரியாயிரும். பெத்த தாய்க்கு மகன் செய்ய வேண்டியது நெறைய இருக்குது, மக படிப்பை நிறுத்தறது அதுல சேத்தி இல்ல.

பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் இன்னைக்கே அவ கையில குடுத்துருங்க, பின் நம்பரை அவளே மாத்திக்கட்டும். சீட்டு இன்னும் எத்தனை மாசம் பாக்கின்னு நீங்க எழுதல. பாதியில நிறுத்தாதீங்க, மத்தவங்களுக்கு சங்கடம், பாக்கித் தவணைய உங்க கூலியில இருந்து கட்டுங்க. தள்ளு, அதாவது ஏலத்துல கழிக்கற தொகை, கொறையற மாசம் பாத்து சீட்டை எடுங்க, எடுத்த அன்னைக்கே 14,000-ஐ அவ கணக்குல போட்டுட்டு ரசீதை அவகிட்ட காமிங்க. அதுவரைக்கும் அந்த அக்கவுண்ட்ஸ் டியூஷன் ஃபீஸ் உங்க செலவு.