சாட்சியின் பழைய குற்றப் பதிவை நீதிமன்றத்தில் எப்போது கிளறலாம்?

இங்கிலாந்து, வேல்ஸ் குற்ற வழக்குகளில் 'தீய நடத்தைச் சான்று' என்றால், இந்த வழக்கின் சம்பவத்துக்கு வெளியே ஒருவர் செய்த குற்றத்தையோ கண்டிக்கத்தக்க செயலையோ காட்டும் சான்று. முன்பெல்லாம் சாட்சியை நம்பக்கூடாது என்று காட்ட, குறுக்கு விசாரணையில் அவருடைய பழைய தண்டனைகளை எடுத்து வீச முடிந்தது. உண்மை சொல்ல வந்தவர் கூண்டில் கூனிக் குறுகி நின்றார். இது அநியாயம்தான்.

2003-ம் ஆண்டு குற்றவியல் நீதிச் சட்டத்தின் 100-வது பிரிவு அதற்குக் கடிவாளம் போட்டது. அந்தத் தகவல் இல்லாமல் மற்ற சான்றுகள் சரியாக விளங்காது என்றால் அனுமதிக்கலாம். வழக்கின் முக்கியக் கேள்வி ஒன்றைத் தீர்ப்பதில் அதற்குக் கணிசமான எடை இருந்தாலும் அனுமதிக்கலாம். இரண்டுக்கும் நீதிபதியின் அனுமதி வேண்டும். எல்லாத் தரப்பும் சம்மதித்தால் அது தேவையில்லை.

காய்கறிக்காரர் பக்கத்து வீட்டாரோடு சண்டை போட்டவர் என்பதால் அவருடைய தராசு பொய்யாகிவிடாது. எடைக்கல்லின் அடியைக் குடைந்து பிடிபட்டவர் என்றால் யோசிக்க வேண்டும். அதேபோல, இருபது வருடத்துக்கு முந்தைய ஒற்றைக் கடைத்திருட்டு பெரும்பாலும் உள்ளே வராது. பொய்ச்சாட்சி சொன்னதற்கான தண்டனை வரக்கூடும்.

பழைய தண்டனை அனுமதிக்கப்பட்டாலே சாட்சியம் செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அந்தச் சாட்சியத்தை எவ்வளவு நம்புவது என்பதை ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட குழு, முடிவு செய்யும்.