சிட்னியில் இறங்கிவிடாதீர்கள், தம்பி

தம்பி, பெர்த்தில் வேலை, மாமா குடும்பம் சிட்னியில், சிட்னி டிக்கெட்தான் மலிவு என்கிறீர்கள். அங்கே இறங்கி பெர்த் வரலாமா, எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம், வார இறுதிகளில் மாமா வீட்டுக்குப் போய்வர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2007 டிசம்பரில் இது எதையும் யாரிடமும் கேட்காமல் சிட்னியில் இறங்கியவன் நான். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

சிட்னி ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், பெர்த் மேற்குக் கரையில். இடையே ஆகாய வழியில் ஏறக்குறைய 3,300 கிலோமீட்டர். சென்னையிலிருந்து சிங்கப்பூரே 2,900தான். சிட்னிக்குப் போகும்போது மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நாலு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். திரும்பும்போது அதே காற்று எதிர்த்து நிற்கும். ஐந்து மணி நேரம்.

எழும்பூரில் ராத்திரி ஏறினால் விடியும்போது மதுரை. அப்படித்தான் பெர்த்தையும் நினைத்திருந்தேன். சிட்னி ரயில் நிலையத்தில் விசாரித்தால், இந்தியன் பசிபிக் என்று ஒரு ரயில் உண்டாம். 4,352 கிலோமீட்டர், மூன்று இரவுப் பயணம், அதுவும் தினமும் கிடையாது. தெரிந்தவர் வீட்டில் ஓர் இரவு தங்கி, மறுநாள் விமானத்துக்குக் கேட்ட விலையைக் கொடுத்தேன். முந்தைய விமானத்தில் ஏற்றிய சுமையை உள்நாட்டு விமானத்தில் ஏற்கவில்லை. அம்மா கட்டிக் கொடுத்த இட்லிப் பானையை விட்டுவர மனமில்லாமல் அதிக எடைக்கும் பணம் கட்டினேன். ஒரே நாளில் மாறி ஏறுவதாக இருந்தால் இன்னொன்று: சிட்னியில் பன்னாட்டு முனையம் ஓடுபாதைக்கு ஒரு புறம், உள்நாட்டு முனையம் மறுபுறம். பஸ்ஸோ ரயிலோ பிடிக்க வேண்டும். மூன்று மணி நேரமாவது இடைவெளி வையுங்கள்.

பெர்த்தில் இறங்கியதும் அடுத்த கூத்து. சிட்னி வீட்டார் ஆசையாகக் கொடுத்த மாம்பழப் பையைத் தொட்டியில் போடச் சொன்னார்கள். உள்நாட்டிலிருந்து வந்தவனுக்கு என்ன சோதனை என்று வாதாடினேன், பலிக்கவில்லை. பழ ஈ வந்துவிடும் என்று பிற மாநிலக் காய்கனிகளுக்கு மேற்கு ஆஸ்திரேலியாவில் அவ்வளவு கெடுபிடி. தேன் அறவே கூடாது.

நேரக் கணக்கு வேறு. குளிர்காலத்தில் சிட்னி இரண்டு மணி நேரம் முன்னே, கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பதால் மூன்று. நான் வந்த சமயம் இங்கேயும் சோதனை முயற்சியாகக் கோடையில் அப்படித் திருப்பினார்கள். 2009 வாக்கெடுப்பில் மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். நல்ல முடிவு. ஆனால் சிட்னி நண்பர்களுக்கு அது இன்னும் மண்டையில் ஏறவில்லை. பொங்கல் சமயம் இந்த நாட்டில் கோடை. வாழ்த்துச் சொல்லக் காலை ஏழு மணிக்கு அழைப்பார்கள். இங்கே விடியற்காலை நாலு. "பெர்த்திலா இருக்கிறீர்கள், பாவம்" என்று பட்டிக்காட்டானைப் பார்ப்பதுபோல வேறு பார்ப்பார்கள். சென்னைக்கும் எனக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம்தான். அம்மாவோடு தினமும் சாவகாசமாகப் பேசுகிறேன். அவர்களால் முடியுமா?

வார இறுதி யோசனையை விடுங்கள். வெள்ளி நள்ளிரவு விமானத்தில் ஒருமுறை கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். இரவு பதினொன்றிலிருந்து காலை ஆறு வரை சிட்னியில் விமானம் இறங்க விடமாட்டார்கள். ஆறு மணிக்கு மேல் இறங்கி, ஹோமப் புகையிலேயே உட்கார்ந்தபடி தூங்கிவிட்டேன். புகைப்படத்தில் இன்றும் இருக்கிறேன், வாயைப் பிளந்துகொண்டு.

சிங்கப்பூர் வழியாக நேரே பெர்த்துக்கு டிக்கெட் எடுங்கள். நாலு மணி நேரம், பிறகு ஐந்து மணி நேரம், அவ்வளவுதான். வாடகை, கார் எல்லாம் வந்து பார்த்துக்கொள்ளலாம். இட்லிப் பானை மட்டும் தூக்கி வராதீர்கள். இங்கே கடையிலேயே கிடைக்கிறது.