டியூபுக்குள் போன பிறகும் ரத்தம் சாப்பிடும்

(அரசு மருத்துவமனை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் 31 ஆண்டுகள் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அம்மா, என் அப்பாவுக்கு வயது 68. காலை 7 மணிக்கு வீட்டு மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தோம், வெறும் வயிற்றுச் சர்க்கரை 108. அதே நேரத்தில் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போன லேப், மதியம் அனுப்பிய ரிப்போர்ட்டில் 83 என்று போட்டிருக்கிறது. அப்பா 83-தான் சரி என்கிறார். எதை நம்புவது?
– வாசகி, சிவகங்கை

பதில்: அப்பா ஏன் 83 பக்கம் சாய்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்த எண்ணைக் காட்டினால் சாயங்காலக் காபியில் ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடுதலாகக் கிடைக்கும். அதைப் போடுவதற்கு முன் லேபில் இரண்டு விஷயம் விசாரியுங்கள். ரத்தம் எடுத்த டியூபின் மூடி என்ன நிறம்? ரத்தத்தைச் சுழற்றிச் செல்களைத் தனியாகப் பிரித்தது எத்தனை மணிக்கு?

வீட்டு மெஷின் 15 சதவீதம் வரை முன்னே பின்னே காட்டலாம். அது விதியிலேயே உள்ள சலுகை. ஆனால் உங்கள் வீட்டு விஷயத்தில் என் சந்தேகம் மெஷின் மேல் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், மே மாதம். கிராமத்து முகாமில் எடுத்த ரத்தம் ஐஸ் பெட்டி இல்லாமல் பஸ்ஸில் நாலு மணி நேரம் பயணம் செய்து வந்தது. அப்போதெல்லாம் சர்க்கரை அளக்க ஆர்த்தோ டொலுயிடின் என்கிற ரசாயன முறை. கண்ணை எரிக்கும் அசிட்டிக் அமிலத்தோடு சேர்த்துக் கொதிநீரில் வைத்தால் பச்சை நிறம் வரும். சர்க்கரை கூடினால் பச்சையும் கூடும். அன்றைக்கு வரிசையாக எல்லா டியூபும் வெளிறிக் கிடந்தன. கணக்குப் போட்டால் 60, 55, 58. டாக்டர் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு லேபுக்கே வந்துவிட்டார். "இத்தனை பேரும் மயங்கி விழுந்திருக்கணுமேம்மா?" ரீஏஜெண்ட் கெட்டுவிட்டது என்று நான் உளறினேன். எங்கள் சீனியர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "உடம்பை விட்டு எடுத்துட்டா ரத்தம் செத்துப்போச்சுன்னு நெனச்சியா? டியூபுக்குள்ள உக்காந்து அது சாப்பிட்டுக்கிட்டே இருக்கும்."

சாப்பிடுவது யார் என்றால், பெரும்பாலும் சிவப்பணுக்கள். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 50 லட்சம் இருக்கின்றன. மற்ற செல்கள் பலவும் கொழுப்பைக்கூடத் தின்று பிழைக்கும். சிவப்பணுவுக்கு அந்த வசதி கிடையாது, ஆக்சிஜனைக் கொண்டு எரித்துச் சக்தி எடுக்கும் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவே அதற்கு இல்லை. ஊருக்கெல்லாம் ஆக்சிஜன் சுமந்து போகிற வண்டி அது, ஆனால் சரக்கில் ஒரு துளியைக்கூடத் தனக்கென்று எடுத்து எரிக்காது. குளுக்கோஸை உடைப்பதில் முதல் பாதி மட்டும்தான் அதற்குத் தெரிந்த தொழில்.

அந்த முதல் பாதிக்குப் பெயர் கிளைக்காலிசிஸ். ஆறு கார்பன் உள்ள குளுக்கோஸ் பத்துப் படிகளில் மூன்று கார்பன் உள்ள இரண்டு துண்டுகளாக உடைகிறது. செல்லுக்குள் செலவுப் பணமாகப் புழங்குவது ஏடிபி என்கிற மூலக்கூறு. விதைநெல்லை முதலில் மண்ணில் போடுவது மாதிரி செல் தன் கையிருப்பிலிருந்து இரண்டு ஏடிபியைப் போட்டால்தான் குளுக்கோஸ் உடையவே தொடங்கும். பிறகு நாலு வரும். கையில் நிற்பது இரண்டு. அதை வைத்துத்தான் சிவப்பணு உள்ளே கசிந்து வரும் சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டு, 120 நாள் உருவம் குலையாமல் ஓடுகிறது. மிஞ்சிய துண்டுகளை லாக்டிக் அமிலமாக்கி வெளியே விட்டுவிடும். உடம்புக்குள் இருந்தால் அதைக் கல்லீரல் வாங்கி மறுபடி குளுக்கோஸாக்கும். டியூபுக்குள் கல்லீரலும் இல்லை, குடலிலிருந்து புதுச் சர்க்கரையும் வராது. இருப்பு கரைய வேண்டியதுதான்.

எவ்வளவு கரையும்? சாதாரண அறை வெப்பத்தில், பிரிக்காத ரத்தத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம். வெயில் காலத்தில் இன்னும் வேகம். 105-இல் தொடங்கினால் மூன்று மணி நேரத்தில் 83 பக்கம் வந்து நிற்கும். (அப்படி ஒன்றும் பெரிய கையிருப்பு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியமான ஆளின் ஐந்து லிட்டர் ரத்தத்தில் மொத்தமாகக் கரைந்திருக்கும் குளுக்கோஸ் ஐந்து கிராம், ஒரு டீஸ்பூன்.)

இதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி டியூப். அதற்குள் சோடியம் ஃப்ளோரைடு இருக்கும். பத்துப் படிகளில் ஒன்பதாவது படியில் வேலை செய்யும் ஈனோலேஸ் என்ற நொதியை அது முடக்கிவிடும். ஆனால் பாருங்கள், பூட்டு ஒன்பதாவது வாசலில்தானே? முதல் எட்டு வாசல்களில் நுழைந்துகொண்டிருக்கும் கூட்டம் உடனே நிற்காது. அதனால் சாம்பல் மூடியிலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சர்க்கரை கொஞ்சம் இறங்கும். பல டெக்னீஷியன்களுக்கே இது தெரியாது, சாம்பல் மூடி போட்டாயிற்று என்று மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஐஸில் வைப்பதும், சீக்கிரம் சுழற்றிச் செல்களைப் பிரிப்பதும்தான் உருப்படியான வழி.

உங்கள் அப்பாவுக்கு லேபுக்கே நேரில் போய் ரத்தம் கொடுத்து மறுபடி பாருங்கள். கூடவே டாக்டரிடம் சொல்லி எச்பிஏ1சி-யும் எடுத்துவிட்டால் மூன்று மாதக் கணக்கு தெரிந்துவிடும். அதுவரை காபி பழையபடியே இருக்கட்டும்.

கேள்வி: ஒரு குளுக்கோஸ் முழுதாக எரிந்தால் எத்தனை ஏடிபி? ஒரு புத்தகத்தில் 38, இன்னொன்றில் 36, டியூஷன் சார் 32 என்கிறார், யூடியூபில் 30. தேர்வில் எதை எழுதுவது?
– பிளஸ் டூ மாணவி, தென்காசி

பதில்: தேர்வில் உன் பாடப்புத்தகத்தில் இருப்பதை எழுது கண்ணு, மார்க் போடுபவர் அதைத்தான் தேடுவார். ஏன் நாலு விடை என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்.

மைட்டோகாண்ட்ரியா உள்ள செல்லில் அந்த மூன்று கார்பன் துண்டுகள் உள்ளே போய், கிரெப்ஸ் சுழற்சியில் கார்பன் டை ஆக்சைடாகக் கழன்று முடிகின்றன. (ஹான்ஸ் கிரெப்ஸ் இதை 1937-இல் புறாவின் மார்புத் தசையை வைத்துக் கண்டுபிடித்தார். முதலில் அனுப்பிய பிரபல இதழ் அவர் கடிதத்தைப் போடவில்லை.) இதுவரை நேராகக் கைக்கு வந்த ஏடிபி நாலுதான். மிச்ச சக்தியெல்லாம் 10 என்ஏடிஎச், 2 எஃப்ஏடிஎச்2 என்கிற சுமைதூக்கி மூலக்கூறுகளிடம் எலக்ட்ரான்களாக இருக்கிறது. அவை அந்த எலக்ட்ரான்களை மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் கொண்டுபோய்க் கொடுக்கும். எலக்ட்ரான் கை மாறிக் கை மாறி இறங்கும்போது புரோட்டான்கள் சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. தள்ளப்பட்டவை திரும்பி உள்ளே வர ஒரு நொதி வழியாகத்தான் வர வேண்டும். அந்த நொதி நிஜமாகவே சுற்றுகிறது. 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் அச்சில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டவைத்து, அது சுழல்வதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தே விட்டார்கள். சுற்றும்போதுதான் ஏடிபி தயாராகிறது.

பழைய கணக்கில் ஒரு என்ஏடிஎச்சுக்கு 3, எஃப்ஏடிஎச்2-க்கு 2 என்று முழு எண்ணாக வைத்தார்கள். 30 + 4 + 4 = 38. புரோட்டானை எண்ணிப் பார்த்தால் என்ஏடிஎச் 10 தள்ளுகிறது, எஃப்ஏடிஎச்2 6 தள்ளுகிறது. ஏடிபி ஒன்றைச் செய்து வெளியே அனுப்பச் சுமார் 4 வேண்டும். ஆக 2.5, 1.5. இப்போது கூட்டு: 25 + 3 + 4 = 32. அப்புறம் அந்த இரண்டு ஏடிபி வித்தியாசம். கிளைக்காலிசிஸில் கிடைத்த 2 என்ஏடிஎச் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே பிறந்தவை. அவற்றின் எலக்ட்ரான்களை உள்ளே கொண்டுபோக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நஷ்டமில்லாதது, இன்னொன்றில் கொஞ்சம் நஷ்டம். நஷ்ட வழியில் போனால் 38 என்பது 36 ஆகும், 32 என்பது 30 ஆகும். உன் டியூஷன் சாரும் யூடியூபும் சண்டை போட வேண்டியதே இல்லை.

கேள்வி: நாம் இழுக்கும் ஆக்சிஜன்தானே கார்பன் டை ஆக்சைடாக வெளியே வருகிறது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை, நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். நீங்கள் இழுத்த ஆக்சிஜன் மேலே சொன்ன வரிசையின் கடைசியில் நின்று, இறங்கி வரும் எலக்ட்ரான்களை வாங்கித் தண்ணீராக மாறுகிறது. வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடில் உள்ள ஆக்சிஜன், குளுக்கோஸிலும் சுழற்சியில் சேரும் தண்ணீரிலும் இருந்தது.

கேள்வி: ஏடிபியைக் கண்டுபிடித்தவர் சென்னையில் படித்தவர் என்று ஒரு வாட்ஸப் செய்தி வந்தது. உண்மையா?
– வாசகர், கடலூர்

பதில்: வாட்ஸப்பில் வந்தும் உண்மையாக இருக்கிறது. எல்லாப்பிரகட சுப்பாராவ், பீமாவரத்தில் 1895-இல் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். கதர் உடுத்திப் போய்ப் பேராசிரியரின் கோபத்தைச் சம்பாதித்ததில் எம்பிபிஎஸ் போய் அதற்குக் கீழ்ப்பட்ட எல்எம்எஸ் பட்டம்தான் கிடைத்தது. பிறகு ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து 1929-இல் தசையிலிருந்து ஏடிபியைப் பிரித்தார். அதே வருஷம் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் பிரித்தார், செய்தியில் அதை விட்டிருப்பார்கள்.

எனக்கு அவர் பெயர் அறிமுகமானது வேறு வழியில். ரத்தத்தில் பாஸ்பரஸ் அளக்க அவர்கள் இருவரும் 1925-இல் எழுதிய முறையை நாங்கள் 'ஃபிஸ்கே சுப்பாராவ்' என்றே சொல்வோம். மாலிப்டேட்டை ஊற்றி, ஆன்சா என்கிற கரைசலைச் சேர்த்தால் நீலம் வரும். அந்த நீலத்தை வைத்துத் தசையில் பாஸ்பரஸைத் தேடிப் போனபோதுதான் அவருக்கு ஏடிபி அகப்பட்டது. யாரோ வெள்ளைக்காரர்கள் இருவர் என்று நினைத்துக்கொண்டே பல வருஷம் அந்த ஆன்சாவைக் கரைத்திருக்கிறேன்.

கேள்வி: இட்லி மாவு பொங்குவதும் செல் சுவாசமா? மகன் பாடத்தில் நொதித்தல் என்று வேறு தலைப்பில் இருக்கிறது.
– இல்லத்தரசி, பொள்ளாச்சி

பதில்: மகன் பாடம் சரி. உளுந்தோடு வரும் லூக்கோநாஸ்டாக் என்கிற பாக்டீரியாதான் அதில் முக்கியமான ஆள். ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்து லாக்டிக் அமிலமும் கார்பன் டை ஆக்சைடும் விடுகிறது. புளிப்பது முதலாவதால், பொங்குவது இரண்டாவதால். சிவப்பணுவுக்காவது ஒரு குளுக்கோஸில் இரண்டு ஏடிபி நிற்கும், இதற்கு ஒன்றுதான். வரும்படி இவ்வளவு குறைவு என்பதால் நிறையத் தின்ன வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஒரே ராத்திரியில் மாவு அப்படிப் புளிக்கிறது. குளிரில் நொதிகள் மந்தமாகும். அன்றைக்கு பஸ்ஸில் ஐஸ் பெட்டி இருந்திருந்தால் எனக்குத் திட்டு விழுந்திருக்காது. உங்கள் மாவுக்கும் அதே வைத்தியம்தான். பொங்கியதும் கலக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள்.